புகைக்கு டெஸ்ட் கிடையாது: சாம்பிராணி, கொசுவத்தி, கோத்தகிரி கணப்பு

கேள்வி: வணக்கம் டாக்டர். மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, நாலு வருஷமாக வீசிங். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கில் தண்ணீர், ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு இருமல். வெள்ளிக்கிழமை அத்தை வீடு முழுக்க சாம்பிராணி போடுவார். சனிக்கிழமை பையனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்கும் புகை காட்டுவார். ராத்திரி கொசுவத்தி. போன மே மாதம் கோத்தகிரியில் என் கணவரின் அண்ணன் வாங்கியிருக்கும் பழைய பங்களாவுக்குப் போனோம். ஹாலில் விறகு எரிக்கிற கணப்பு, அதான் ஃபயர்பிளேஸ். முதல் ராத்திரியே மூச்சு முட்டி, விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி நெபுலைசர் வைத்தோம். குளிர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரத்தத்தில் ஐஜிஇ 900 என்று வந்திருக்கிறது. புகை அலர்ஜியா என்று பார்க்க டெஸ்ட் உண்டா? இந்த மே மாதமும் அங்கே போகலாமா? அத்தையிடம் எப்படிச் சொல்வது? தினமும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள், பழகிவிடுமோ என்று பயந்து வீசிங் வந்தால் மட்டும் கொடுக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புகைக்கு அலர்ஜி டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் டெஸ்டில் தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, பூனை முடி, மகரந்தம் இவற்றின் சாற்றைத்தான் வைப்போம், ஏனென்றால் இவற்றில் இருக்கும் புரதத்தைத்தான் உடம்பு எதிரி என்று தப்பாகப் புரிந்துகொண்டு தும்மலாகவும் இளைப்பாகவும் காட்டுகிறது. புகையில் அப்படிப்பட்ட புரதம் இல்லை. புகை யாருடைய மூச்சுக்குழாயையும் எரிக்கும், உங்களையும் என்னையும் சேர்த்து. நமக்கு இரண்டு இருமலோடு போய்விடுகிறது. உங்கள் பையனுக்கு ஏற்கெனவே உள்ளே வீங்கிச் சிவந்திருக்கும் குழாய், அதனால் சுருங்கிக்கொள்கிறது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதேதான்.

அப்படியானால் அந்தக் காலில் முதலில் பட்டது எது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் தண்ணீர். இது புகையின் வேலை மாதிரி இல்லை, படுக்கையின் வேலை. மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசிப்பூச்சிதான் என் முதல் சந்தேகம், கரப்பான் இரண்டாவது. ஐஜிஇ 900 என்பது அலர்ஜி உடம்பு என்பதற்கு ஒரு சைகை, அவ்வளவுதான். எதற்கு அலர்ஜி என்று அது சொல்லாது. நம் ஊரில் வயிற்றில் பூச்சி இருந்தாலும் அந்த எண் ஏறும். அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதை இறக்குவதற்கென்று யாராவது மருந்து சொன்னாலும் வாங்காதீர்கள். தோல் டெஸ்ட் ஒரு முறை எடுத்துவிடுவது நல்லது, கால் மணி, இருபது நிமிஷத்தில் ரிசல்ட் தெரிந்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே தும்மல் மாத்திரையை, சிரப்பை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் பொய் சொல்லும். இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை.

இன்ஹேலர் என்றதும் உங்கள் கடைசி வரிக்கு வந்துவிடுகிறேன், என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். சாம்பிராணியை நிறுத்தி, மெத்தைக்கு உறை போட்டு, கோத்தகிரியை ரத்து செய்து எல்லாம் செய்தாலும், அந்தத் தினசரி இன்ஹேலர் அலமாரியில் தூங்கினால் பையன் ராத்திரி இருமிக்கொண்டேதான் இருப்பான். பெரும்பாலும் இரண்டு வகை தருவார்கள். ஒன்று உடனே மூச்சைத் திறந்துவிடுவது, அது வீசிங் வரும்போது. மற்றது குழாயின் உள்வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுவது, மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு. அதைத் தினமும் கொடுத்தால்தான் பலன். மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் கொடுக்க வேண்டும், குறிப்பாக அந்த நாட்களில்தான். வீசிங் வந்தபின் அதைக் கொடுப்பது, வீடு பற்றி எரியும்போது மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப ஆரம்பிப்பது மாதிரி.

பழகிவிடாது. போதை மாதிரி உடம்பு அதைக் கேட்காது. நோய் அடங்கியதும் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார், நீங்களாக நிறுத்த வேண்டாம். வளர்த்தி குறையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லா அம்மாவும் கேட்கிறார்கள். வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்ட குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்ததில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வந்தது. ராத்திரி ராத்திரியாகத் தூங்காமல், விளையாடாமல், வருஷத்துக்கு நாலு தடவை ஸ்டீராய்டு சிரப் குடித்து வளரும் பிள்ளைக்கு ஆகும் நஷ்டம் அதைவிடப் பெரியது. இன்ஹேலரின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குழல், அதான் ஸ்பேசர், அதை வைத்துக் கொடுங்கள், கொடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள், துடைத்தால் உள்ளே ஒரு மின் ஈர்ப்பு உண்டாகி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர் எதிரிலேயே பையனை ஒரு முறை எடுக்கச் சொல்லிக் காட்டுங்கள். இன்ஹேலர் கேட்கவில்லை என்று என்னிடம் வருபவர்களில் எத்தனையோ பேர் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, படுக்கைக்கு வருவோம். தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, கால் மில்லிமீட்டர் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையே உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் கடலோர ஊர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும், ஆனால் சென்னையில் ஏசி ஓடாத அறையில் அந்த எண்ணைப் பார்ப்பது அபூர்வம். அலர்ஜி தருவது பூச்சி கடிப்பதால் இல்லை, கடிப்பதே இல்லை, அதன் எச்சம்தான் மூக்குக்குள் போகிறது. அந்த எச்சம் கொஞ்சம் கனமானது, காற்றில் அதிக நேரம் மிதக்காது, பையன் புரண்டு படுக்கும்போது முகத்துக்கு நேரே எழும்பி, கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே படிந்துவிடும். அதனால் வீடு முழுக்கப் பணத்தைக் கொட்டாதீர்கள். பையனின் கட்டிலைப் பிடியுங்கள்.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து முழுக்க மூடும் நெருக்கமான நெசவு உறை. போர்வை, தலையணை உறை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில், வாஷிங் மெஷினில் அந்த செட்டிங் இல்லையென்றால் கீசர் தண்ணீரை நன்றாகக் கொதிப்பேற்றி அரை மணி ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை இருந்தால், அதுவும் வீட்டில் பெரியவர்கள் ஆசையாகக் கொடுத்தனுப்பியதாகத்தான் இருக்கும், அதைப் பெரியவர்கள் அறைக்கு மாற்றிவிடுங்கள். கட்டிலில் இருக்கும் கரடி பொம்மையை ஒரு பையில் போட்டு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துப் பிறகு துவைத்துக் கொடுங்கள், பிடுங்கிக்கொள்ள வேண்டாம். பெருக்குவது, ஒட்டடை அடிப்பது, ஃபேன் துடைப்பது எல்லாம் அவன் பள்ளிக்குப் போன பிறகு, அதுவும் ஈரத்துணியால். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் பிடித்துக் கறுப்புப் பூஞ்சை பூத்திருந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று பார்த்து அடையுங்கள், கட்டில் அந்தச் சுவரோடு ஒட்டி இருக்கவே கூடாது.

இப்போது புகை. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உங்கள் சுவாமி அலமாரிக்கு மேலே இருக்கும் சுவரை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வருகிற கறுப்பு, அகர்பத்தியும் சாம்பிராணியும் விளக்குத் திரியும் விட்டுப்போனது. அதில் கண்ணுக்குத் தெரிந்தது அது. தெரியாதது காற்றிலேயே இருந்து எல்லோரும் மூச்சில் இழுத்துவிட்டோம். புகைத்துகளில் பெரும்பாலானது ஒரு மைக்ரானுக்கும் கீழே, நம் தலைமுடியின் பருமன் ஐம்பது முதல் எழுபது மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு முடியில் மாட்டாது, தொண்டைச் சளியில் சிக்காது, நேரே நுரையீரலின் கடைசிக் கிளை வரைக்கும் போகும். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அதுதான் இது. ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்று வைத்தது. சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாலில் வைத்துப் பாருங்கள், எண் ஏறுவதை நீங்களே காண்பீர்கள். டெல்லிக் காற்றைப் பற்றிக் கவலைப்படும் நாம் நம் ஹாலில் டெல்லியை உண்டாக்கிக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றிலும் முதலில் நிற்க வேண்டியது கொசுவத்தி. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்கு நுண்துகள் வருகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அதை ஏசி போட்டு ஜன்னலை மூடிய பெட்ரூமில் ராத்திரி முழுக்க எரியவிட்டு, இரண்டு மணிக்கு ஏன் இருமுகிறான் என்று கேட்கிறோம். இது இன்று ராத்திரியே நிற்க வேண்டும். அதற்காகக் கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை, டெங்கு வருகிற ஊர் இது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டி ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், அஞ்சரை மணிக்கே பால்கனிக் கதவைச் சாத்துங்கள், சம்ப் மூடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, செடித்தொட்டித் தட்டு இவற்றில் தண்ணீர் நிற்காமல் பாருங்கள். லிக்விட் மெஷினில் புகை இல்லை, ஆனால் மருந்து காற்றில் கலக்கத்தான் செய்கிறது, சில பிள்ளைகளுக்கு அதுவே இருமலைக் கிளப்பும். வேறு வழியில்லை என்றால் அவன் படுக்கப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திப் போட்டுவிட்டு, அணைத்து, அறையைத் திறந்துவிட்ட பிறகு அவனை உள்ளே விடுங்கள். கொசுவலையைவிட நல்லது எதுவும் இல்லை.

சாம்பிராணிக்கு வருகிறேன். என் பாட்டி வீட்டிலும் போடுவார்கள், என் தங்கைக்கு இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து அவள் பாட்டியின் மடியில் தலையைக் குப்புறப் போட்டுப் படுப்பாள், பக்கத்தில் கரண்டியில் தணல், அதில் சாம்பிராணி பொரியும், பாட்டி கூடையைக் கவிழ்த்து அதன் மேல் கூந்தலை விரித்து ஆற்றுவார். அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் பாட்டிதான். அதனால் உங்கள் அத்தை செய்வது என்ன என்று எனக்குத் தெரியும், பேரனுக்குச் சளி பிடிக்கக் கூடாது, தலையில் நீர் கோத்துக்கொள்ளக் கூடாது என்ற அக்கறை, வேறு எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். குளித்ததால்தான் இழுக்கிறது என்று அடுத்த வாரக் குளியலை நிறுத்துவார்கள். சாம்பிராணியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நான் மருத்துவம் படித்து வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அது நின்றது, தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது.

அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டார்களே, யாருக்கு என்ன ஆயிற்று என்று அத்தை கேட்டால், கேட்பார், அதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஊரில் இருந்த வீட்டுக்கு நடுவே முற்றம் இருந்தது, ஓட்டுக்கூரையில் இடுக்கு இருந்தது, போட்ட புகை பத்து நிமிஷத்தில் வானத்துக்குப் போய்விடும். மடிப்பாக்கம் ஃபிளாட்டில் அது எங்கே போகும்? ஜன்னலுக்குப் பக்கத்து பிளாக்கின் சுவர், மேலே கான்கிரீட். அதே சாம்பிராணிதான், வீடுதான் வேறு. இன்னொன்று, அன்றைக்குத் தணலில் போட்டது மரப்பிசின். இன்று கடையில் விற்கும் கப் சாம்பிராணியில் கரித்தூளும் மரத்தூளும் சேர்ந்தே எரிகிறது, வாசனைக்காக என்னென்ன கலக்கிறார்களோ அதுவும்.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் சாம்பிராணி விஷயமாக இருக்காது, வேறு விஷயமாகிவிடும். அத்தையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்லட்டும். அதோடு பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், கையடக்கமான குழாய், ஊதினால் முள் நகர்ந்து மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று எண்ணாகக் காட்டும், குழாய் சுருங்கினால் எண் இறங்கும், எட்டு வயதுப் பையன் அழகாக ஊதுவான். அதை அத்தை கையில் கொடுங்கள். தினமும் காலையிலும் ராத்திரியும் மூன்று தடவை ஊதச் சொல்லி, அதிகமாக வந்த எண்ணை அவரே ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டு வாரம் இப்போது இருக்கிறபடியே, அடுத்த இரண்டு வாரம் புகை இல்லாமல். இன்ஹேலரை இன்றே ஆரம்பித்துவிடுங்கள், நோட்டுக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம், கொசுவத்தி நிறுத்துவதையும் தள்ளிப்போட வேண்டாம். ஒரு பாட்டி இப்படி எழுதிய நோட்டை என் மேஜைமேல் விரித்து, வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் எண் இறங்கியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "நானாடா கண்ணா பண்ணினேன்" என்று பேரனைப் பார்த்துக் கேட்டார். அவர் பண்ணவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அதை நான் அவரிடம் சொன்னேன். உங்கள் அத்தையிடமும் யாராவது அதைச் சொல்ல வேண்டும்.

பூஜையை நிறுத்தவே வேண்டாம். விளக்கைத் திரி சின்னதாக வைத்து ஏற்றினால் கரி கம்மி. கற்பூர ஆரத்தி ஒரு நிமிஷம், பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது காட்டலாம். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்று அத்தை மனம் கேட்கவில்லை என்றால், வெள்ளிக்கிழமை காலை பையன் பள்ளிக்குப் போன கையோடு, எல்லா ஜன்னலும் திறந்து, கிச்சன் எக்ஸாஸ்ட் ஓடவிட்டு, துளி. சாயங்காலம் அவன் வருவதற்குள் பெரும்பாலும் வெளியே போயிருக்கும். இது எனக்குப் பிடித்த வழி இல்லை, ஆனால் சண்டையைவிட இது மேல். தலைக்கு மட்டும் கூடவே கூடாது, முகத்துக்கு ஒரு அடியில் புகை. நல்ல துண்டால் ஒற்றித் துவட்டி வெயிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் முடி காய்ந்துவிடும், சென்னை வெயிலுக்கு இது கூடவா முடியாது. இடையில் ஒன்று, சளிக்குக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி மூக்கிலும் நெஞ்சிலும் தடவும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கைக்குழந்தை யாராவது வந்தாலும் தடவ விடாதீர்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பே வரும்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்கப் போகிறீர்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளது, அறை அளவுக்குத் தகுந்தது, அயனி, ஓசோன் என்று எதுவும் சேர்க்காதது என்றால் பெட்ரூமில் வைக்கலாம். போகிக்கு முந்தின ராத்திரி அது கைகொடுக்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாத அளவுக்குப் புகை மூடி விமானங்களே தடுமாறின. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு எரிந்தபோது உங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் ஜன்னலைச் சாத்தி மெஷினைப் போடுங்கள். ஒரு பக்கம் சாம்பிராணி, மறுபக்கம் பியூரிஃபையர் என்றால் அது காசுக்குக் கேடு.

இனி கோத்தகிரி. குளிர்தான் காரணம் என்பது கால்வாசி உண்மை. குளிர்ந்த காற்றும் இந்த மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆனால் அந்த ராத்திரியை யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு. பெட்டியிலிருந்து எடுத்த கம்பளி, தரையில் பழைய கார்ப்பெட், மலை ஈரத்தில் ஊறிய சுவர், அதில் பூஞ்சை. போதாததற்குப் பன்னிரண்டு மணி நேரப் பயணக் களைப்பு, தினசரி இன்ஹேலர் இல்லாத நெஞ்சு. அதன் நடுவே ஹாலில் தீ மூட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, குளிருதே என்று பையனைத்தான் தீக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பீர்கள்.

கணப்பில் புகை மேலே போவதற்குக் குழாய் இருக்கிறதே என்று தோன்றும். சூடான புகை மேலே இழுக்கப்படுவதற்குக் குழாய் சுத்தமாகவும், உள்ளே இருக்கும் தகடு முழுக்கத் திறந்தும், அறைக்குள் புதுக்காற்று வர வழியும் இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டால் இழுப்பு குறைந்து புகை ஹாலுக்கே திரும்பும். அந்த நேரத்தில் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் போச்சு, அது குழாய் வழியாகக் காற்றைக் கீழே இழுத்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை எரிக்கும் குழாயில் குருவிக்கூடும் கரிப்பிசினும் அடைத்திருக்கும். விறகு நேற்றைக்கு வெட்டியதாக இருந்தால் இன்னும் மோசம், பச்சை விறகின் சூடெல்லாம் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும், எரியாமல் குமைந்து புகையாகக் கொட்டும். வெட்டி ஒரு வருஷமாவது மழை படாமல் காய்ந்த விறகுதான் சுத்தமாக எரியும். அதையும் ஹாலிலேயே அடுக்கிவைப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும், பட்டையிலிருக்கும் பூஞ்சை வீட்டுக்குள் வந்துவிடும்.

இவ்வளவையும் சரிசெய்து ஒழுங்காக எரித்தாலும் திறந்த கணப்பில் கொஞ்சம் புகை அறைக்குள் வரத்தான் செய்யும். அதனால் என் பதில் நேரானது: பையன் அங்கே இருக்கும் நாட்களில் கணப்பை எரிக்க வேண்டாம். மச்சினரிடம் உங்கள் கணவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். குளிருக்கு ஸ்வெட்டர், காலுறை, வெந்நீர்ப் பை போதும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை மின்சார ஹீட்டரில் புகையும் இல்லை, தணலும் இல்லை. போவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி ஜன்னலைத் திறந்து, கம்பளிகளை வெயிலில் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, கணப்பின் சாம்பலையும் அள்ளிவிடச் சொல்லுங்கள். சாம்பலைப் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்து வாரி மூடியுள்ள இரும்பு வாளியில் போட வேண்டும், உள்ளே ஒரு நாளைக்கு மேலும் கங்கு இருக்கலாம். பையனுக்குத் தலையணையும் போர்வையும் இங்கிருந்தே கொண்டு போங்கள். கார்ப்பெட் இல்லாத அறையில் படுக்க வையுங்கள்.

ஒன்றை மட்டும் அலர்ஜி இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் வைத்துக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. கணப்பில் கங்கு இருக்கும்போதே, சூடு வெளியே போகிறதே என்று குழாய்த் தகட்டை மூடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, இருமல்கூட வராது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். பியூரிஃபையர் அதைப் பிடிக்காது. அதற்கென்று அலாரம் கிடைக்கிறது, அந்த வீட்டில் கட்டாயம் ஒன்று மாட்டச் சொல்லுங்கள்.

எங்கே இருந்தாலும் கவனிக்க வேண்டியவை: விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுப்பது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, உடனடி இன்ஹேலர் கொடுத்தும் கேட்காமல் போவது. இதில் எது வந்தாலும் ஆவி பிடிக்கிறேன், கஷாயம் வைக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல் 108ஐ அழையுங்கள், போகும் வழியிலும் ஸ்பேசரில் மருந்தைக் கொடுத்துக்கொண்டே போங்கள். எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் டாக்டரிடம் இப்போதே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

மே மாதம் போகலாமா என்பதை ஏப்ரல் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லலாம். அதற்கு முந்தைய நாலு வாரத்தில் ராத்திரி இருமி எழுந்திருக்கக் கூடாது, உடனடி இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டிருக்கக் கூடாது, ஓடியாடி விளையாடியிருக்க வேண்டும். அப்படி இருந்தால், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தாராளமாகப் போய்வாருங்கள். இன்ஹேலரும் ஸ்பேசரும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம்.